நல்லெண்ணெய் பூசிய டயரில் மலை இறங்கியது

எங்கள் தோட்டத்து மேட்டில் நின்றால் குமுளி மலை கண்ணுக்கு நேரே தெரியும். காலையில் ஒரு நிறம், வெயில் ஏறினால் ஒரு நிறம். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அது வேறு ராஜ்யம். மேலே ஏறி ஒரு தடுப்புக் கட்டையைத் தாண்டிவிட்டால் வேறு ராஜா, வேறு பேச்சு, வேறு சோறு. ஐம்பத்தெட்டு வயது வரை அந்தக் கட்டையை நான் தாண்டியதில்லை. தேவையும் இருக்கவில்லை. என்னைப் பார்க்க வேண்டியவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படித்தான் வாழ்ந்தேன்.

தேவை என் கடைசி மகள் செல்லத்தாயால் வந்தது. அவள் புருஷன் வண்டிப்பெரியாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. முதல் பிள்ளையைத் தாய் வீட்டில்தான் பெற வேண்டும். அழைத்து வர அவருக்கு லீவு இல்லை. மழை பிடித்துவிட்டால் மலைப்பாதை சரிந்து பத்து நாள் வண்டி ஓடாது, அதற்கு முன் யாராவது வந்து கூட்டிப்போங்கள் என்று கடுதாசி போட்டிருந்தார். அதை எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். வைகாசி பாதி. மகன்கள் இரண்டு பேரும் நாற்றங்காலில் நின்றார்கள். "நானே போறேன்" என்றேன். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

அது சண்டைக் காலம். பெட்ரோல் முழுதும் பட்டாளத்துக்குப் போனது. பஸ்கள் எல்லாம் அடுப்பில் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடின. மற்ற பஸ்களுக்கு அடுப்பு பின்பக்கச் சுவரோடு சேர்ந்திருக்கும். கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகிற எங்கள் பஸ்ஸுக்கு மட்டும் அடுப்பைத் தனியாக ஒரு சின்ன வண்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு சக்கரம், நடுவில் ஆள் உயரத்துக்குத் தகர உருளை, அதற்குள் கனன்றுகொண்டிருக்கிற கரி. பஸ்ஸின் வாலில் கொக்கி போட்டு, ஓர் இரும்பு ஆணி செருகி இழுத்துப் போவார்கள். ஜனங்கள் அதைக் கரிவண்டி என்றார்கள். பஸ் முன்னே போக, கரிவண்டி கன்றுக்குட்டிபோல ஆடி ஆடிப் பின்னே வரும்.

முதல் நாள் காலையில் முறுக்குப் பானையும் துணி மூட்டையுமாகக் கம்பம் பஸ் ஷெட்டில் போய் இறங்கினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. கரிவண்டி சக்கரமில்லாமல் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. டிரைவர் சவரிமுத்து என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஓடிவந்தான். அவன் ராயப்பன்பட்டிக்காரன். எங்கள் வீட்டுக்காரர் கார் வைத்திருந்த காலத்தில் ஏழு வருஷம் எங்களுக்கு ஓட்டியவன். அவர் காலமாகி, கார் கைமாறியபின் பஸ்ஸுக்கு வந்துவிட்டான்.

"இன்னைக்குப் போகாதும்மா. கரிவண்டி டயர் ரெண்டும் படுத்துருச்சு. ஒண்ணைச் செருப்பு தைக்கிற மோச்சியைவிட்டுத் தோல் வச்சுத் தைச்சு வச்சிருக்கேன். இன்னொண்ணு தைக்கக்கூட ஆகாது. ஆபீசுல புது டயருக்குச் சீட்டு கேட்டா ஆறு மாசம்ங்குறாக."

"மலைக்கு அந்தப்பக்கம் பூராம் ரப்பர் மரம்னு சொல்றீக. இந்தப்பக்கம் ஒரு டயருக்கு ஆறு மாசமா?"

"மரம் அங்கன இருக்கும்மா. டயர் சண்டையில இருக்கு."

நான் யோசிக்கவே இல்லை. "ஏலே சவரி, கார் டயர் இதுக்குச் சேருமா?" என்றேன். சேரும் என்றான். நான் வந்த மாட்டுவண்டியைத் திருப்பி அனுப்பி, என் வீட்டுப் பரணில் இருந்த இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன்.

அந்த டயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் போவதற்கு ஒரு மாதம் முன்புதான் மதுரையிலிருந்து அவற்றை வாங்கி வந்தார். மாட்டவே இல்லை. காரை விற்றபோது டயர்களை நான் கொடுக்கவில்லை. அவர் கையால் வாங்கிய கடைசிப் பொருள். விதைச் சோளம் பூச்சி பிடிக்காமல் இருக்க அடுப்பங்கரைக்கு மேலே பரணில் போடுவோம் இல்லையா, அங்கேதான் பத்திரமாக வைத்தேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைத் தோலுக்கு வருஷத்தில் இரண்டு தடவை விளக்கெண்ணெய் போட்டுத் தேய்ப்போம். தேய்த்தால் தோல் பத்து வருஷம் வெடிக்காது, தேய்க்காவிட்டால் ஒரே கோடையில் வெடித்துவிடும். டயரும் கறுப்பாகத் தோல் மாதிரித்தானே இருக்கிறது? ஆயுத பூஜை தவறாமல் இறக்கி, துடைத்து, எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி ஏற்றிவிடுவேன். தோலுக்கு விளக்கெண்ணெய். அவர் வாங்கிய டயருக்கு மரியாதையாக நல்லெண்ணெய்.

டயர்கள் வந்து இறங்கியதும் ஷெட்டில் கூட்டம் கூடிவிட்டது. சண்டைக் காலத்தில் தேயாமல் பூப்போட்டபடி இருக்கிற டயரை யார் கண்டார்கள்? கரிவண்டிக்கு அடுப்புப் போடுகிறவன் முனியாண்டி. கரும்பாலையில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தவன், நெருப்பு பழகினவன் என்று இந்த வேலைக்கு எடுத்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும், மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் மட்டும் ஓயாது. அவன் டயரைத் தடவிப் பார்த்தான்.

"ஆத்தா, இது டயரா அதிரசமா? என்னா மினுமினுப்பு!"

"வருசா வருசம் எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்லே."

"அப்படியா? எனக்கும் ஒருவாட்டி போட்டுவிடுங்க ஆத்தா. என் பொண்டாட்டியே அடையாளம் தெரியாம உக்காருங்கன்னு சொல்லட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சவரி சிரிக்கவில்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, விரலை முகர்ந்து பார்த்தான்.

"எப்ப வாங்குனதும்மா இது? முதலாளி கடைசியா மதுரை போனாகளே, அப்பயா?"

"அப்பத்தான்."

"பதினோரு வருசம் ஆச்சும்மா."

"வருசம் என்னலே வருசம்? ஓடியிருந்தாத்தானே பழசு? இது தரையே காணாதது."

அவன் குனிந்து ஸ்பானரை எடுத்தான். ஏழு வருஷம் என் வீட்டில் சாப்பிட்டவன், என்னிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். டயர்கள் மாட்டப்பட்டன. நடுப்பகல் ஆகித்தான் பஸ் புறப்பட்டது. இருந்த எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். முன் ஸீட்டில் உட்கார்ந்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கூடலூர் வரை பஸ் ஓடியது. மலை ஏற ஆரம்பித்ததும் கரிப்புகைக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வளைவிலும் "இறங்குங்க, இறங்குங்க" என்றார்கள். ஆண்கள் தள்ளினார்கள், பெண்கள் மூட்டையைச் சுமந்து நடந்தார்கள். என்னை மட்டும் யாரும் இறங்கச் சொல்லவில்லை. டயர் கொடுத்தவள் அல்லவா? மூன்றாவது வளைவில் எனக்கே கூச்சமாகி இறங்கி நடந்தேன். முழங்கால் அன்றைக்கு வலிக்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

எல்லையில் நம் பக்கத்துச் சோதனைக்காரர் அரிசி இருக்கிறதா என்று பானையைத் திறந்து பார்த்தார். அரிசி கொண்டுபோகக் கூடாது. "முறுக்கு" என்றேன். மூன்று படி அரிசியை மாவாக்கி முறுக்காகச் சுட்டு எடுத்துப் போவதைத் தடுக்கச் சட்டம் இல்லை. ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுப் போகச் சொன்னார். கட்டைக்கு அந்தப் பக்கத்துச் சிப்பாய் மலையாளத்தில் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட மட்டும் சொல்கிறேன்.

"அம்மா, புகையிலை இருக்கிறதா?"

"என்னைப் பாத்தா புகையிலை கடத்துறவ மாதிரியா இருக்கு?"

"கடத்துகிறவர்கள் எல்லோரும் பார்க்க உங்களை மாதிரித்தான் இருக்கிறார்கள்."

பானையை அவருக்கும் நீட்ட வேண்டியதாயிற்று.

அன்று மாலை குமுளியில் மறியக்குட்டி என்கிற விதவை நடத்திய டீக்கடையின் பின்கட்டில் தங்கினேன். வாழையிலையில் மரவள்ளிக் கிழங்கை அவித்துக் கொட்டி, சிவப்பாக மீன் குழம்பு ஊற்றினாள். நம் ஊரில் கிழங்கைப் பிள்ளைகள் தின்பதற்கு அவிப்போம். அதைச் சாப்பாடாக யாரும் விருந்தாளிக்குப் போடுவதில்லை. சோறு எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பக்கத்து இலையில் அவள் பிள்ளைகளும் அதையே சாப்பிட்டன. "அரிசியைக் கண்ணால் பார்த்து ஒரு மாதம்" என்று அவள் பாஷையில் சொன்னாள். நான் கிழங்கைத் தின்றேன். குழம்பு புளிப்பும் காரமுமாக நன்றாகத்தான் இருந்தது. பானையிலிருந்து முறுக்கை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது பெரியவள் அதை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு "அரிசி" என்றாள்.

இரண்டாம் நாள் தோட்டத்து லாரி ஒன்று ஏற்றிப் போனது. எங்கே பார்த்தாலும் பச்சை. முதல் ஒரு மணி நேரம் கண்ணுக்குக் குளிர்ச்சி, அப்புறம் அலுப்பு. நம் பக்கம் பச்சை என்றால் அதற்கு நடுவே ஒரு வரப்பு, ஒரு பனை, ஒரு மாடு நிற்கும். இங்கே மயிர் வெட்டிவிட்ட தலை மாதிரி எல்லா மலையும் ஒன்றுபோல. இறங்கி வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் காலில் நான்கு அட்டைகள். கீழே இருந்து வந்தவள் ரத்தம் அவற்றுக்கு ருசி என்று மாப்பிள்ளை சமாதானம் சொன்னார்.

செல்லத்தாய் வாசலில் நின்றாள். பாதம் இரண்டும் வீங்கி, முகம் வெளுத்து, வயிறு மட்டும் பெரிதாக. "அம்மா, நீங்களா ஏறி வந்தீக?" என்று கேட்டுவிட்டு அழுதாள். தோட்டத்துக் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "நாளைக்கே கிளம்பிருங்க. ஆனா ஒண்ணு. இதுக்கு முந்தி ரெண்டு தடவை வலி வந்து நின்னுருக்கு. பெரிய குலுக்கல் ஒண்ணு போதும், தாயும் இல்ல பிள்ளையும் இல்லன்னு ஆயிரும். நல்ல வண்டியாப் பாத்து, மெல்லக் கூட்டிட்டுப் போங்க."

"நல்ல வண்டிதான். டயர் என்னோடது" என்றேன். இப்போது நினைத்தால் அந்த வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மூன்றாம் நாள் வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் அவளைப் படுக்கவைத்து நடை வேகத்தில் குமுளிக்கு வந்தோம். பகல் முழுதும் ஆயிற்று. மாப்பிள்ளை கொஞ்ச தூரம் கூட நடந்து வந்து, வேலைக்கு நேரமாயிற்று என்று திரும்பினார். தூறல் விட்டுவிட்டு விழுந்தது. மறியக்குட்டி கஞ்சி வைத்துத் தந்தாள். அரிசி எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை பஸ் டீக்கடைக்கு முன்னால் வந்து நின்றது. முனியாண்டி கரி தட்டிக்கொண்டிருந்தான். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்துபோய்க் கரிவண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். கறுத்து மெலிந்த மனுஷர், கக்கத்தில் குடை. பேர் குஞ்ஞப்பன். முண்டக்கயம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர், மாடு பார்க்கக் கம்பத்துக்குப் போகிறார் என்று மறியக்குட்டி சொன்னாள். அவர் நகத்தால் டயரின் பக்கவாட்டைக் கீறினார். பூப்போட்ட இடம் புதிதுபோலத்தான் இருந்தது. பக்கத்தில்தான் மயிரிழை மாதிரிச் சின்னச் சின்ன வெடிப்பு. உள்பக்கம் ஓரிடத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு.

"இதற்கு எண்ணெய் போட்டது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"எங்கள் தோட்டத்தில் பால் உறைகிற தட்டுப் பக்கம் எண்ணெய்க் கையோடு போனால் கங்காணி அடிப்பார், அம்மா. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. அடுப்புச் சூடு ஆகாது. சும்மா கிடந்தால்கூட ஆகாது. மரத்திலிருந்து இறங்கின நாள் முதல் அதற்கு வயது எண்ண வேண்டும். ஓடின தூரத்தை வைத்து எண்ணக் கூடாது."

சவரி தயங்கித் தயங்கி வந்தான். "அந்தப் புடைப்பு நேத்துச் சாயங்காலம் வந்ததும்மா. ஏறையில மெல்லப் போறோம், தாங்குச்சு. இறங்கையில கரிவண்டி தள்ளும், சூடாகும். தைச்ச டயரு பஸ்ஸுக்குள்ளதான் கிடக்கு. இந்தப் பக்கத்துக்கு அதை மாட்டிருவோமா?"

தைத்த டயரைப் பார்த்தேன். பூ என்று ஒன்று இல்லை. வழுக்கைத் தலை. பக்கத்தில் செருப்புத் தோலை வைத்து மோச்சி தைத்த தையல், ஒரு முழ நீளம். அதற்கு அருகில் என் டயர், கறுப்பாக, ஆழமான பூவோடு. கண் இருக்கிற யாரும் எதைச் சொல்வார்கள்? போதாததற்கு, மரம் கீறுகிற ஓர் ஆள் பத்துப் பேர் நடுவில் என் வீட்டுப் பொருளைக் குறை சொல்லிவிட்டார்.

"ஏலே, பிஞ்ச செருப்பு மாதிரி இருக்கு அது. அதுலயா எம்மகளை இறக்கணும்ங்குற?"

"நீங்களே சொல்லுங்கம்மா. ரெண்டுல எது?"

"அவுக வாங்குனதுதான். எடு வண்டியை."

குஞ்ஞப்பன் டீக் கோப்பையை வைத்துவிட்டுக் குடையை விரித்தார். பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தே இறங்குகிறேன் என்றார். சீட்டு வாங்கியிருந்த மனுஷர் மலைப்பாதையை நடந்து இறங்குகிறேன் என்றபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பைத்தியக்காரன் என்றுதான் நினைத்தேன்.

செல்லத்தாயை நடு ஸீட்டில் உட்காரவைத்து, முதுகுக்கும் இடுப்புக்கும் துணி மூட்டை கொடுத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். முனியாண்டி பின்படியில் நின்று கரிவண்டியைப் பார்த்தபடியே வந்தான். பாட்டு வேறு. "ஆத்தா, உங்க அதிரசம் சூடேறுது" என்று ஒரு தடவை கத்தினான். நான் திரும்பவில்லை. சவரி ஒவ்வொரு வளைவிலும் மாதா பேரைச் சொல்லிக்கொண்டே மெல்ல இறக்கினான். கீழே எங்கள் பள்ளத்தாக்கு தெரிந்தது. முல்லையாறு, தென்னை வரிசை, நாற்றங்கால்களின் இளம்பச்சை. "அதோ நம்ம ஊரு" என்று மகளுக்குக் கையை நீட்டிக் காட்டினேன்.

வேட்டு வெடித்தமாதிரி ஒரு சத்தம்.

முதலில் பாறைக்கு வெடி வைத்தார்கள் என்றே நினைத்தேன். அடுத்த கணம் பஸ்ஸின் பின்பாகத்தை யாரோ வாலைப் பிடித்து இழுப்பதுபோலப் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. கரிவண்டி ஒரு பக்கம் சரிந்து, வீசிச் சுழன்று, பஸ்ஸையும் தன்னோடு இழுத்துக்கொண்டிருந்தது. பெண்கள் அலறினார்கள். ஜன்னல் வழியாகச் சாலையைக் காணோம், மரங்களின் தலைதான் தெரிந்தது. நான் செல்லத்தாயின் வயிற்றின்மேல் குறுக்கே விழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "முனியாண்டி, ஆணி! ஆணியைப் புடுங்கு!" என்று சவரி கத்தியது காதில் விழுந்தது. பின்னால் இரும்பு கிறீச்சிட்டது. ஒரு மனுஷன் அலறினான். பஸ் சட்டென்று இலேசானது. சவரி மலைப்பக்கம் ஒடித்து மண்திட்டில் சாய்த்து நிறுத்தினான்.

"பிள்ளை?" என்றேன்.

செல்லத்தாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் கை என் கையைத் தேடி எடுத்து வயிற்றின்மேல் வைத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் உள்ளே ஒரு குதிகால் என் உள்ளங்கையில் இடித்தது.

இறங்கிப் பார்த்தேன். கரிவண்டி ஓரக்கல்லில் முட்டிக் கவிழ்ந்து கிடந்தது. சாலை முழுதும் நெருப்புத் துண்டங்கள். வெடித்த டயர் சக்கரத்தில் நார்நாராகத் தொங்கியது. மேலே தூக்கி நின்ற மறு சக்கரம், என் இன்னொரு டயர், பூ மங்காமல் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது. முனியாண்டி சாலையில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். சுழன்ற உருளைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே கையைவிட்டு ஆணியை உருவியிருந்தான். முழங்கை வரை வெந்துபோயிருந்தது. அப்போதும் என்னைப் பார்த்து, "தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லையே ஆத்தா?" என்றான்.

ஜனங்கள் சூழ்ந்து நின்று என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். சவரி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "கல்லு குத்திருச்சு. ஊசிக் கல்லு. டயர் மேல பழி இல்லை" என்றான். நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அரை மணி கழித்து ஒரு குடை மேல் வளைவைச் சுற்றி இறங்கி வந்தது. குஞ்ஞப்பன் சாலையைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோள் துண்டை நனைத்து முனியாண்டியின் கையில் சுற்றினார். ஏலக்காய் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று இறங்கி வந்தது. அதில் செல்லத்தாயையும் முனியாண்டியையும் ஏற்றினோம். தூறல் வலுத்தது. அவர் குடையை என் மகள் தலைக்குமேல் பிடித்தபடி அடிவாரம் வரை வண்டியோடு நனைந்துகொண்டே நடந்தார். நானும் நடந்தேன். இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரம் கடகடவென்று எங்களுக்குமுன் உருண்டது. அதற்கு எண்ணெய் வேண்டும்தான், அச்சில். எண்ணெயை எதற்குப் போட வேண்டும், எதற்குப் போடக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தால் போதும் என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் படுத்தே கிடந்தேன். உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல. பயணம் நல்லபடி முடிந்தது, டயர் கொடுத்த புண்ணியம்தான் காப்பாற்றியது என்று தெருப் பெண்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருத்திக்கும் தலையை ஆட்டினேன். சாயங்காலம் என் பெரிய மகன் வந்து, "கரிவண்டியைத் தூக்கிட்டு வந்துட்டாக. ஒரு டயர் நல்லா இருக்காம், அம்மா. நாளைக்கே மாட்டி விடப்போறாக" என்றான். அத்தோடு, கல்லைப் பார்க்காமல் ஓட்டினான் என்று சவரியை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகவும் சொன்னான்.

ஆறாம் நாள் காலை ஷெட்டுக்குப் போனேன். வண்டி கட்டச் சொல்லவில்லை. நடந்தே போனேன். கையில் கதிர் அரிவாள். பார்த்தவர்கள் வேலைக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பஸ் கம்பெனி ஏஜெண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரி எதிரே நின்றான். என் டயரைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அதை இறக்குங்க" என்றேன்.

ஏஜெண்டு எழுந்துவிட்டார். "வாங்கம்மா, உக்காருங்க. உங்க டயருதான். கல்லு மட்டும் குத்தலைன்னா…"

"கல்லு குத்தலை."

"அம்மா, கல்லுதான்…" என்று சவரி ஆரம்பித்தான்.

"ஏலே, வாயை மூடு. எனக்காக நீ பொய் சொன்னது போதும்."

டயரைத் தரையில் போடச் சொல்லி, பக்கவாட்டில் அரிவாளை வைத்து இழுத்தேன். நல்ல ரப்பரை அறுக்க ஆண்பிள்ளைக்கே பலம் வேண்டும் என்பார்கள். இது கிழவி கைக்குக் கருவாடுபோல வழிவிட்டது. பிளந்த இடத்தை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினேன். உள்ளே நூல் எல்லாம் இற்றுப்போய், கோடையில் வெடித்த வயல்போல இருந்தது. நல்லெண்ணெய் வாசம் இன்னும் அடித்தது.

"டயர் என்னோடது. பதினோரு வருசம் அடுப்புக்கு மேல போட்டு எண்ணெய் பூசுனவ நான். புடைப்பைக் காட்டி, மாத்துவோம்னவன் சவரி. வேணாம்னவ நான். முனியாண்டி கை வெந்தது என்னால."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் ஏஜெண்டு, மெதுவாகத்தான்.

"சொல்லியிருக்கணும். வாய் வரலை" என்றேன். திரும்பி நடந்தேன். ஷெட்டிலிருந்து வீடு வரை அந்தத் தூரம் மலையைவிட நீளமாக இருந்தது. இந்தத் தடவை யாரும் கும்பிடவில்லை.

சவரி வேலையில் இருந்தான். செல்லத்தாய்க்கு அதற்குப் பின் பதினெட்டாம் நாள் பெண் பிறந்தது. இரண்டு உயிரும் சுகம். மழை அன்றைக்குத்தான் பலமாகப் பிடித்தது. மலைப்பாதை மூடிவிட்டது என்றார்கள்.

முனியாண்டியின் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. ஆறியபின் விரல்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. தினமும் எண்ணெய் போட்டு உருவிவிட்டால் நீளும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி. அந்த வாசலுக்கு அதற்குமுன் நான் போனதில்லை. காலையில் கிண்ணத்தோடு போவேன். அவன் பெண்பிள்ளைகள் முக்காலி போடுவார்கள். கையை மடியில் வாங்கி ஒவ்வொரு விரலாக உருவிவிடுவேன். முதல் நாள் எண்ணெயைத் தொட்டதும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கே கேட்டேன்ல ஆத்தா, எனக்கும் எண்ணெய் போட்டுவிடுங்கன்னு" என்றான் முனியாண்டி. "பாத்துப் போடுங்க. நானும் பழசுதான்."